கன்றுக்குப் பஞ்சமில்லை, கைக்குத்தான் பஞ்சம்

காடு வளர்ப்பு என்றதும் நிலம், கன்று, தண்ணீர், பணம் ஆகிய நான்குக்கும் கணக்குப் போட்டுவிடுவது வழக்கம். வேலை தெரிந்த ஆள் என்ற ஐந்தாவது தேவை அந்தக் கணக்கில் பெரும்பாலும் ஏறுவதில்லை. விதை பொறுக்குபவர், நாற்றங்காலில் பை நிரப்புபவர், மலைச்சரிவில் குழி எடுப்பவர், கோடைக்கு முன் தீத்தடுப்புக் கோடு வெட்டுபவர், புயலில் சாய்ந்த மரத்தை அறுத்து அகற்றுபவர் என எல்லோரையும் 'திறன் பெறாத தொழிலாளர்' என்ற ஒரே வரிசையில் எழுதிக் கூலி கொடுப்பதுதான் நடைமுறை. இந்த வேலைகளில் எதையாவது ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்த்தவர் அந்த வரிசையை ஒப்புக்கொள்ள மாட்டார். வனத்துறை அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் கல்லூரிகள் இந்தியாவில் ஒன்றரை நூற்றாண்டாக இருக்கின்றன. மண்வெட்டியும் அரிவாளும் பிடிப்பவர் ஒரு பிட்டரைப் போலவோ எலெக்ட்ரீஷியனைப் போலவோ அப்ரண்டிஸாகச் சேர்ந்து, வேலை பழகி, சான்றிதழோடும் கூலி உயர்வோடும் வெளியே வரும் வழி மட்டும் இன்னும் சரியாக அமையவில்லை.

இந்தக் குறையைப் புரிந்துகொள்ளத் திருவண்ணாமலையைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. நகருக்கு வடக்கே, வேலூர் சாலையில், வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. மரம் நடும் திட்டங்களின் கோப்புகள் வந்துபோகும் இடம் அது. அந்தச் சாலையிலிருந்து தென்மேற்கே பார்த்தால் 814 மீட்டர் உயரத்தில் அண்ணாமலை. கோப்பில் எழுதப்படும் காடு வேலைக்கும் மலையில் நடக்கும் காடு வேலைக்கும் இடையிலுள்ள தூரம் சில கிலோமீட்டர்தான். ஆனால் மலையில் என்ன தெரிந்திருந்தால் மரம் பிழைக்கும் என்பதைக் கோப்பு கேட்பதில்லை.

மலை எப்போதும் இப்படிப் பச்சையாக இருந்ததில்லை. விறகு வெட்டு, ஆடு மாடு மேய்ச்சல், ஆண்டுதோறும் பற்றிய கோடைத் தீ ஆகிய மூன்றும் சேர்ந்து அதைப் பாறையும் புல்லுமாக ஆக்கியிருந்தன. ரமண மகரிஷி மலைக்குகைகளில் வாழ்ந்த காலத்துப் பழைய படங்களில் தெரிவது பெரும்பாலும் மொட்டைச் சரிவுதான். 1988-இல் அண்ணாமலை காடு வளர்ப்புச் சங்கம் தொடங்கியது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மழைக்காட்டுப் பாதுகாவலர் ஜான் சீட் அதற்கு அந்நாட்டு நிதியுதவி கிடைக்க வழி செய்தார். அருணாசலேசுவரர் கோயிலின் மதில்களுக்கு இடையே கிடந்த வெற்றிடமே அவர்களது நாற்றங்காலாகப் பயன்பட்டது. பின்னர் வனத்துறை நடவுகளோடு 'தி ஃபாரஸ்ட் வே' என்ற அறக்கட்டளையும் சேர்ந்துகொண்டது. உள்ளூர் இனக் கன்றுகளை வளர்ப்பது, மழைக்காலத்தில் மலையில் நடுவது, கோடையில் தீயோடு மல்லுக்கட்டுவது ஆகியவை அதன் பணிகள். மருதம் பண்ணைப் பள்ளியை நடத்துவதும் அதுதான். இன்று கிரிவலப் பாதையில் நடப்பவர்களால் பல இடங்களில் நிழலோடு மலையைப் பார்க்க முடிகிறதென்றால் அதற்கு நன்கொடையும் தொண்டர்களும் காரணம்தான். ஆனால் பருவத்துக்குப் பருவம் அதே சரிவில் ஏறி இறங்கியவர்கள் சுற்றுவட்டக் கிராமத்துத் தொழிலாளர்கள். அவர்களில் யாரும் வகுப்பில் படித்துவிட்டு வந்தவர்கள் இல்லை. முன்னால் நின்றவர் செய்ததைப் பின்னால் வந்தவர் பார்த்துப் பழகிக்கொண்டார்.

அப்படிப் பழக என்னதான் இருக்கிறது என்று கேட்டால், விதையிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த வட்டாரக் காடு கிழக்குத் தொடர்ச்சி மலையின் வறண்ட காடு. உசில், வேங்கை, வெட்பாலை, ஆயா, தணக்கு, இலுப்பை, வில்வம், சரக்கொன்றை, பூந்திக்கொட்டை, நீர்மருது, ஆல், இச்சி, அத்தி என்று நீளும் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம். வேப்ப விதை பழுத்து விழுந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் முளைக்கும் திறனை இழந்துவிடும். இலுப்பையும் ஏறக்குறைய அப்படித்தான். பொறுக்கிக் கோணியில் கட்டி வைத்துவிட்டு, மழை வரட்டும் என்று காத்திருந்தால் கையில் மிஞ்சுவது எண்ணெய்க்கு ஆகும் கொட்டை மட்டுமே. சரக்கொன்றைக்கு நேர்மாறான குணம். அதன் விதையின் ஓடு கடினமானது. சுடுநீரில் போட்டோ ஓட்டைத் தேய்த்தோ கொடுத்தால்தான் நீர் உள்ளே இறங்கும். தேக்குக் கொட்டையை இரவில் ஊறவைத்துப் பகலில் வெயிலில் காயவைத்து, இதையே ஒரு வாரம் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். வேங்கையின் விதை தட்டையான இறகுள்ள காய்க்குள் இருக்கிறது. காற்று அடித்துக்கொண்டு போகுமுன் எடுக்க வேண்டும். ஆல், அத்தி விதைகள் தூசிபோல இருப்பவை, மேலே மண் அதிகம் போட்டாலே முளைக்காது. எந்த மரத்தில் எடுப்பது என்பதும் ஒரு கேள்விதான். ரோட்டோரம் தனியாக நிற்கும் ஒற்றை மரத்தில் கை எட்டுகிறதென்று விதை முழுவதையும் பறித்தால் கன்றுகள் எல்லாம் ஒரே தாயின் பிள்ளைகளாக வளரும். நோய் வந்தால் மொத்தமாகப் போகும். ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும், நடுவயதுள்ள, ஆரோக்கியமான பல மரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதே முறை. இதற்குக் காட்டில் எந்த மரம் எங்கே நிற்கிறது, எந்த மாதத்தில் காய்க்கிறது என்ற வரைபடம் ஒருவர் தலைக்குள் இருக்க வேண்டும்.

சந்தனம் இன்னும் ஒரு படி மேலே. ஜவ்வாது மலையின் அடையாளமான இந்த மரம் தன் உணவில் ஒரு பங்கை அடுத்த செடியின் வேரிலிருந்து உறிஞ்சி வாழும் அரை ஒட்டுண்ணி. விதையை ஜிப்ரலிக் அமிலக் கரைசலில் ஒரு இரவு ஊறவைத்து, மணல் தாய்ப்பாத்தியில் தூவி, எறும்பும் எலியும் தின்னாமல் காத்தால் ஒரு மாதத்துக்கு மேல் கழித்து முளை தலை காட்டத் தொடங்கும். எல்லாம் ஒரே நாளில் முளைக்காது, மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக வரும். நான்கைந்து இலை விட்ட கன்றை, வேர் அறாமல் எடுத்துப் பாலித்தீன் பைக்கு மாற்றும்போது அதே பையில் ஒரு துணைச்செடி இருக்க வேண்டும். பொன்னாங்கண்ணி வகைச் செடியையோ துவரையையோ அதற்கு வைப்பார்கள். துவரை என்றால் அதோடு வேலை முடியாது. அது சந்தனத்தைவிட வேகமாக வளர்ந்து நிழல் கட்டிவிடும். அடிக்கடி தலையைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ளாமல் விட்டால் நிழலில் சந்தனம் நலிந்துபோகும். ஒட்டக் கிள்ளித் துவரை செத்தால் உணவு தர வேர் இல்லாமலும் சந்தனம் நலிந்துபோகும். எவ்வளவு கிள்ளுவது என்பதற்கு அளவுகோல் கிடையாது. நாற்றங்காலில் இந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஒரு பையைப் பார்த்ததும் கை தானாக நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும். அந்தக் கைக்கும் நேற்று சேர்ந்த கைக்கும் தினக்கூலி ஒன்றுதான்.

பையில் உள்ள கன்றை மாதக்கணக்கில் அசையாமல் விட்டால் வேர் அடியைத் துளைத்துத் தரையில் இறங்கிவிடும், அல்லது பைக்குள்ளேயே சுருண்டுவிடும். முதல் வகையில் நடும் நாளில் வேர் அறுபடும். இரண்டாவது வகை இன்னும் மோசம்: நட்ட பிறகு மரம் பார்வைக்கு நன்றாக வளரும், சில ஆண்டு கழித்துக் காற்றில் வேரோடு சாயும். இடம் மாற்றி அடுக்குவது, குட்டை நெட்டை பிரிப்பது, நடவுக்கு முன் நீரைக் குறைத்துக் கன்றை வெயிலுக்குப் பழக்குவது எல்லாம் இதைத் தவிர்க்கத்தான். ஒப்பந்தத்தில் எண்ணிக்கை மட்டுமே எழுதியிருந்தால் இவற்றைச் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் ஒரே பில் பாஸாகும்.

மலையில் நடுவது சமவெளியில் நடுவதைப்போல அல்ல. மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, மண் எங்கே ஆழம், பாறை எங்கே மேலே வந்திருக்கிறது என்று பார்த்து, சரிவுக்குக் குறுக்கே நீரை மறிக்கும்படி குழியையும் பிறைவரப்பையும் அமைக்க வேண்டும். தவறான இடத்தில் நீரைத் தேக்கினால் அதுவே மண்ணை இளக்கும். 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலைச் சரிவில் பாறையும் மண்ணும் சரிந்து வ.உ.சி. நகரில் 7 பேர் உயிரிழந்தார்கள். மரம் இருந்திருந்தால் தடுத்திருக்கும் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. அந்த அளவு மழைக்கு எந்தச் சரிவும் தாங்காமல் போகலாம். இருந்தாலும் வீடுகளுக்கு மேலே உள்ள மலையில் ஒருவர் எங்கே மண்ணைத் தோண்டுகிறார், எங்கே தோண்டாமல் விடுகிறார் என்பது சாதாரணக் கூலிவேலைப் பிரச்சினை அல்ல என்பது அதிலிருந்து தெரிகிறது.

நட்டதைக் காப்பாற்றுவதில் பாதி வேலை தீயோடு. மழையில் ஆளுயரம் வளர்ந்த புல் தை பிறந்ததும் காயத் தொடங்கும். மாசியிலிருந்து வைகாசி வரை ஒரு பீடித்துண்டு போதும். அதற்கு முன்பே மலையைச் சுற்றியும் குறுக்கேயும் புல்லைச் செதுக்கி வெற்றுப்பட்டைகள் எடுப்பதைத் தீத்தடுப்புக் கோடு வெட்டுவது என்பார்கள். தீ வந்துவிட்டால் பச்சைத் தழையால் அடித்து அணைப்பது, தீக்கு முன்னால் எதிர்த்தீ வைப்பது, காற்று திரும்பும் நேரத்தைக் கணிப்பது எல்லாம் தேவைப்படும். தீ மேல்நோக்கி ஏறும்போது மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கிக்கொண்டே போகும். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்புப் பயிற்சியில் சொல்லித்தரும் கணக்கு. எனவே எரியும் தீக்கு மேற்புறத்தில் நிற்கவே கூடாது என்பது முதல் பாடம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் புல்சரிவில் தீயில் சிக்கி, 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. மலையில் தீயணைக்கப் போகும் தினக்கூலிக்காரருக்கு என்ன பயிற்சி, என்ன காலணி, என்ன காப்பீடு என்ற கேள்வி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

மரம் வளர்க்கத் தெரிவது ஒரு பக்கம் என்றால், மரத்தை வெட்டத் தெரிவது மறுபக்கம். வனவியலில் இது பாதித் தொழில். 2011 டிசம்பரில் தானே, 2016 டிசம்பரில் வர்தா, 2018 நவம்பரில் கஜா என்று ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் சாலையை மறித்துக் கிடந்த மரங்களை அகற்ற செயின் சா பிடிக்கத் தெரிந்த ஆட்களைத் தேடி நகராட்சிகள் அலைந்தன. இயந்திரம் கடையில் கிடைக்கிறது. அதைப் பிடிக்கும் கைதான் கிடைக்கவில்லை. நிற்கும் மரத்தைச் சாய்க்க, விழ வேண்டிய பக்கத்தில் விட்டத்தில் கால்பங்கு அளவுக்கு ஆப்பு வடிவில் வெட்டி எடுத்து, எதிர்ப்பக்கம் அதைவிடச் சற்று உயரத்தில் பின்வெட்டு போடுவார்கள். நடுவில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு மரத்தை அறுக்காமல் விட வேண்டும். கதவின் கீல்போல மரத்தைத் திருப்பி விழவைப்பது அந்த அறுபடாத பட்டைதான். அதையும் அறுத்துவிட்டால் மரம் எந்தப் பக்கம் வரும் என்று யாருக்கும் தெரியாது. புயலில் வளைந்து கிடக்கும் மரம் இன்னும் ஆபத்தானது. ஒரு பக்கம் இழுபட்டும் மறுபக்கம் அமுங்கியும் இருக்கும் அந்த மரத்தில், அமுங்கிய பக்கத்தை முதலில் கொஞ்சம் அறுத்துவிட்டுப் பிறகு இழுபட்ட பக்கத்துக்கு வர வேண்டும். மாற்றிச் செய்தால் மரம் வில்போலத் தெறிக்கும். வாளின் நுனி மேல்பாகம் மரத்தில் பட்டால் இயந்திரமே முகத்தை நோக்கித் திரும்பும். ஜெர்மனியில் இந்த வேலைக்கு வருபவர் மூன்று ஆண்டு தொழிற்பழகுநராக இருக்கிறார். காட்டிலும் பள்ளியிலும் பயிற்சி மையத்திலும் மாறி மாறிப் பழகுகிறார். உதவித்தொகை முதல் மாதத்திலிருந்தே உண்டு. இங்கே பெரும்பாலும் செருப்புக் காலோடு, முகத்தில் கவசம் இல்லாமல், முந்தின நாள் பக்கத்தில் நின்று பார்த்த அனுபவத்தோடு வாளை வாங்கிக்கொள்கிறார்கள்.

மரம் வெட்டும் திறன் இந்த மாவட்டத்தில் இல்லாமல் இல்லை. சட்டபூர்வமான வேலை அந்தத் திறனுக்கு இல்லாமல் போனதுதான் சோகம். ஜமுனாமரத்தூரை மையமாகக் கொண்ட ஜவ்வாது மலையில் வாழும் மலையாளி பழங்குடியினர் தலைமுறையாக மரம் அறிந்தவர்கள். இங்கே கள்ளக்கடத்தலில் சந்தனம் அழிந்த பிறகு, செம்மரக் கடத்தல் தரகர்கள் அந்தக் கோடாலிகளைத் தேடி மலையேறினார்கள். அவர்கள் கொடுத்த ஒரு நாள் பணம் உள்ளூரில் பல நாள் கூலிக்குச் சமம். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி அம்மாநிலச் சிறப்புப் படை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக் கூலித் தொழிலாளர்கள். அந்தத் துப்பாக்கிச்சூட்டின் நியாயம் பற்றிய விவாதம் நீதிமன்றம் வரை போனது. வேலைவாய்ப்புக் கோணத்தில் பார்த்தால் அதில் வேறொரு செய்தியும் இருக்கிறது: நாடு முழுக்கத் தட்டுப்பாடு என்று சொல்லப்படும் ஒரு திறனுக்கு, அதை உடையவர்களைத் தேடிப்போய் விலை பேசியவர் கடத்தல்காரர் ஒருவர்தான்.

இந்த நிலை எப்படி வந்தது என்பதற்கு வனத்துறையின் பிறப்பிலேயே விடை இருக்கிறது. 1864-இல் இந்திய வனத்துறையின் முதல் தலைமை ஆய்வாளராக ஜெர்மானியரான டீட்ரிஷ் பிராண்டிஸ் அமர்ந்தார். உயர் அதிகாரிகள் ஐரோப்பாவில் பயின்று வந்தார்கள். ரேஞ்சர்களுக்காக 1878-இல் டேராடூனில் வனப்பள்ளி வந்தது. தென்னாட்டுக்காக 1912-இல் கோவையில் மதராஸ் வனக் கல்லூரி. இன்று கோவையில் தமிழ்நாடு வன உயர்பயிற்சியகமும் மத்திய அரசின் பயிற்சி நிறுவனமும், 1988-இல் தொடங்கிய வன மரபியல் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. வைகை அணையில் வனக் காப்பாளர்கள், வனவர்களுக்கான பயிற்சிக் கல்லூரி. மேட்டுப்பாளையத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் வனக் கல்லூரி. இந்தப் பட்டியல் சீருடைக்கும் பட்டத்துக்கும் உரியது. இவற்றுக்குக் கீழே உள்ள கைவேலை தானாகக் கிடைக்கும் என்று முதல் நாளிலிருந்தே எடுத்துக்கொள்ளப்பட்டது.

அது தானாகக் கிடைத்ததில்லை என்பதற்கு அதற்குச் சற்று முந்திய காலத்திலேயே ஒரு சாட்சி உண்டு. 1840களில் மலபார் கலெக்டர் கனோலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட முயன்றபோது விதை முளைக்க மறுத்தது. அப்போது மலபார் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. பல முறைகள் தோற்ற பின், தேக்கை முளைக்கவைத்துப் பல லட்சம் கன்றுகளை வளர்த்துக் காட்டியவர் அவருக்குக் கீழே வேலை பார்த்த சாத்து மேனோன். உலகின் பழைய தேக்குத் தோட்டங்களில் ஒன்று அந்த அனுபவ அறிவின் மேல் எழுந்தது. தோட்டத்துக்குக் கனோலியின் பெயர் வைத்தார்கள்.

காட்டுத் தொழிலில் குருவோடு இருந்து கற்கும் முறை முழுமையாக உயிரோடிருக்கும் இடம் ஒன்று தமிழ்நாட்டில் உண்டென்றால் அது யானை முகாம்தான். தெப்பக்காட்டிலும் ஆனைமலையிலும் பாகனுக்குக் கீழே காவடி என்ற உதவியாளர் இருப்பார். தீவனம் அறுப்பது, குளிப்பாட்டுவது, சங்கிலி மாற்றுவது என்று தொடங்கி, யானையின் குணம் முழுக்கப் பிடிபட்ட பிறகே காவடி பாகனாகிறார். மலசர், குறும்பர், காட்டுநாயக்கர் குடும்பங்களில் இது தந்தையிடமிருந்து மகனுக்கு வரும். இதில் பதவியும் உண்டு, படிநிலையும் உண்டு, சம்பளமும் உண்டு. இத்தனை இருந்தும், 13 பாகன், காவடிகளைத் தாய்லாந்து யானை மையத்துக்குப் பயிற்சிக்கு அனுப்ப மாநில அரசு 50 லட்சம் ரூபாய் ஒதுக்கியபோது எதிர்ப்பு கிளம்பியது: நம் பழங்குடிகளுக்குத் தெரியாததையா அங்கே கற்றுத்தரப் போகிறார்கள் என்று. கேள்வி ஒரு வகையில் நியாயமானதே. ஆனால் யானைக்கு உள்ள இந்த முறை நாற்றங்காலுக்கும் தீக்கோட்டுக்கும் மரவெட்டுக்கும் ஏன் இல்லை என்று கேட்டிருந்தால் விவாதம் இன்னும் பயனாக இருந்திருக்கும்.

சட்டம் இல்லாமலில்லை. தொழிற்பழகுநர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. 30 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை பார்க்கும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுக்க வேண்டும். 2016-இல் வந்த தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையில் கால்பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசே தருகிறது. தொழிற்சாலைக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. நாற்றங்காலுக்குப் பொருந்தவில்லை. ஒரு மகளிர் குழு நடத்தும் நாற்றங்காலில் பத்துப் பேர் இருப்பார்கள். மழைக்கு முன் இருபதாகும், நடவு முடிந்ததும் நாலாகும். வருகைப் பதிவேடு, இணையப் பதிவு, ஒப்பந்தம் என்று யார் பார்ப்பது? வனத்துறை வேலைகளும் பெரும்பாலும் திட்ட நிதியில், பருவத்துக்கு மட்டும் நடப்பவை. 1997-இல் ஜப்பான் கடனுதவியோடு தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் கிராம வனக்குழுக்களை ஏற்படுத்தி ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்தது. திட்டக்காலம் முடிந்ததும் அந்த வேலையில் பழகிய கைகள் கட்டட வேலைக்கும் வேறு ஊருக்கும் கலைந்துபோவதுதான் இத்தகைய திட்டங்களின் வழக்கமான முடிவு.

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017-இல் பசுமைத் திறன் மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. தாவர இனம் காண்பது, மூங்கில் வளர்ப்பது, நாற்றங்கால் போன்றவற்றில் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரையிலான படிப்புகள் அதில் வந்தன. நல்ல முயற்சிதான். ஆனால் மரத்தின் நாட்காட்டி வேறு. சித்திரையில் காய்ப்பதும் ஆடியில் காய்ப்பதும் தனித்தனி. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெறும் திருவண்ணாமலையில் எந்தக் கன்றை எந்த மழைக்கு நடுவது என்று தெரிய இரண்டு மழையையும் பார்த்திருக்க வேண்டும். தீக்கோடு தையில், தீ பங்குனியில். ஓர் ஆண்டு முழுக்க மலையோடு இருக்காதவர் இந்தத் தொழிலின் ஒரு துண்டை மட்டுமே பார்த்திருப்பார். நட்ட கன்று பிழைத்ததா என்று பார்க்க இரண்டாம் ஆண்டும் வேண்டும்.

குறுகிய பயிற்சியும் சரியான இடத்தில் பலன் தரும் என்பதற்குத் தென்னை ஓர் எடுத்துக்காட்டு. மரமேறும் ஆட்கள் கிடைக்காமல் கேரளத்தில் தேங்காய் பறிப்பே முடங்கிய நிலையில், தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற ஆறு நாள் பயிற்சியைத் தொடங்கியது. ஏறும் கருவி, காப்பீடு, தொழிலுக்கு ஒரு பெயர், அழைத்தால் வரும் ஆட்களின் பட்டியல் எல்லாம் சேர்ந்து வந்ததால் படித்த இளைஞர்களும் பெண்களும்கூடச் சேர்ந்தார்கள். அங்கே கற்க வேண்டியது ஒரே மரம், ஒரே ஏற்றம். அதனால் ஆறு நாள் போதுமாக இருந்தது. கரூர் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனமும் தனக்கு வேண்டிய சவுக்கு, தைல மரங்களுக்காக 2004 முதல் விவசாயிகளோடு ஒப்பந்தம் போட்டு, ஒரே தாய்மரத்தின் துண்டுகளிலிருந்து கன்று எடுக்கும் நாற்றங்காலுக்கு ஆட்களைப் பழக்கியிருக்கிறது. ஆலைக்கு மரம் தேவை, அதனால் பயிற்சிக்குச் செலவழிக்க ஆள் உண்டு. உசிலுக்கும் வெட்பாலைக்கும் அப்படி ஒரு ஆலை காத்திருக்கவில்லை.

இளைஞர்கள் ஏன் வருவதில்லை என்பதற்குச் சோம்பல் என்று காரணம் சொல்பவர்கள் உண்டு. செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைக்கு வேன் வீட்டு வாசலுக்கே வருகிறது. மாதச் சம்பளம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. உண்டு. கல்யாணப் பேச்சில் 'கம்பெனியில் வேலை' என்று சொல்லிக்கொள்ளலாம். மலையில் முள்ளும் வெயிலும், நாலு மாத வேலையும், எட்டு மாத இடைவெளியும். இதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு அதிகம் யோசிக்கத் தேவையில்லை. ஓரளவு நிரந்தரமான காட்டு வேலை வேண்டுமென்றால் வனத்துறையில் வனக்காவலராகச் சேர வேண்டும். 2024 முதல் அந்தத் தேர்வும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-இல் சேர்ந்துவிட்டது. தமிழும் பொது அறிவும் கேட்கும் எழுத்துத் தேர்வு, பிறகு ஆண்கள் 4 மணி நேரத்தில் 25 கிலோமீட்டர் நடந்து காட்ட வேண்டிய உடல்திறன் தேர்வு. பத்தாண்டு மலையில் தீ அணைத்த அனுபவத்துக்கு அந்தத் தாளில் ஒரு மதிப்பெண்ணும் இல்லை.

2022 செப்டம்பர் 24 அன்று தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் காடு, மரப்பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதத்துக்கு உயர்த்தப் போவதாக அறிவித்திருக்கிறது. பரப்பைக் கூட்ட வேண்டிய இடங்களில் பெரும்பகுதி வனத்துறைக்கு வெளியே: ஏரிக்கரை, சாலையோரம், பட்டா நிலம், ஊராட்சி மந்தை. வேங்கிக்கால் ஏரிக்கரை போன்ற ஆயிரம் கரைகள் மாவட்டந்தோறும் உண்டு. அங்கெல்லாம் நாற்றங்காலுக்கும் நடவுக்கும் பராமரிப்புக்கும் ஊருக்கு இரண்டு மூன்று பேராவது வேலை தெரிந்தவர்கள் வேண்டும். அவர்களை உருவாக்கப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. கற்றுத்தரத் தெரிந்தவர்கள் மலையைச் சுற்றியே இருக்கிறார்கள். அவர்களைக் கூலிப் பட்டியலிலிருந்து எடுத்துப் பயிற்றுநர் என்று பதிந்து அதற்குரிய தொகையைத் தர வேண்டும். பயிற்சி தையில் தீக்கோட்டோடு தொடங்கி, கோடையில் விதை சேகரிப்பு, நாற்றங்கால், இரண்டு மழைக்கும் நடவு என்று சுற்றி, இரண்டாம் தையில் கன்று எண்ணுவதோடு முடியலாம். சிறு நாற்றங்கால்கள் பலவற்றைச் சேர்த்து ஒரே நிறுவனமாகக் கணக்கிட்டு, பதிவேட்டு வேலையை வனக் கோட்டமோ மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகமோ ஏற்றுக்கொண்டால் 1961-ஆம் ஆண்டுச் சட்டமே இதற்கும் உதவும். தேசியத் திறன் தகுதிப் பட்டியலில் நாற்றங்கால் பணியாளர், தோட்டக்காரர் போன்ற பெயர்கள் ஏற்கெனவே இருக்கின்றன. தீக்கோட்டையும் மரவெட்டையும் அதோடு சேர்க்க வேண்டியிருக்கும்.

சான்றிதழ் மட்டும் கொடுத்து நிறுத்தினால் பயன் இராது. பயிற்சி முடித்தவருக்கு அரசு நடவு ஒப்பந்தங்களில் 'திறன் பெற்ற தொழிலாளர்' விகிதத்தில் கூலி என்று எழுத வேண்டும். ஒப்பந்தத்துக்கான பணத்தை நட்ட எண்ணிக்கைக்கு மட்டுமல்லாமல் மூன்றாம் ஆண்டில் உயிரோடு நிற்கும் எண்ணிக்கைக்கும் சேர்த்துப் பிரித்துக் கொடுத்தால், துவரையை அளவறிந்து கிள்ளத் தெரிந்தவரையும் வேரைச் சுருள விடாதவரையும் ஒப்பந்தக்காரரே தேடிப் பிடித்துக் கூடுதல் கூலி கொடுத்து வைத்துக்கொள்வார்.